கஞ்சிக்குப் போன மால்ட்

ஏனோக்கின் நாக்கு குடும்பம் நடத்த ஆகாத நாக்கு என்று லவினா பதினெட்டு வருஷமாகச் சொல்லிவந்தாள். புளியைக் கடை மாற்றி வாங்கினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும் அவனுக்கு. மிளகாய்த் தூள் அரைத்த மெஷினில் அதற்கு முன்னால் யாரோ தனியா அரைத்துப் போயிருந்தால் அதுவும் தெரியும். பால்காரர் மாட்டை மாற்றியதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி, அந்த மனுஷன் இரண்டு நாள் இந்த வாசல் பக்கம் வராமல் போனதும் உண்டு. "உங்களுக்கு ஆக்கிப் போடறதுக்கு கோர்ட்டுல போயி கூண்டுல நிக்கலாம்," என்பாள் லவினா. பள்ளிக்கூடத்தில் எல்கேஜி பிள்ளைகள் நாற்பது பேரை மேய்த்துவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு பெரிய பிள்ளையின் முன்னால் பயந்து பயந்து தட்டை வைப்பதென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவர்களுக்கென்று பிள்ளைகள் இல்லை. இருந்த ஒரே பிடிவாதக்காரப் பிள்ளை இவன்தான்.

ஆனால் அந்த நாக்குக்குத்தான் பெங்களூரில் சம்பளம் கொடுத்தார்கள். ஏனோக் ஒரு பப்பில் பீர் காய்ச்சுகிறவன். கோலார்ப் பக்கத்து மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்தால் தூங்கி, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்கி, இருட்டியபின் வீடு திரும்பும் கூட்டத்தில் அவனும் ஒருவன். அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரத் தொட்டிகள் நிற்கும். ஒரு தடவை நிறைந்த தொட்டியிலிருந்து ஒரு வாய் பிடித்துக் குடித்துவிட்டு, மால்ட் அனுப்பியவன் பழைய சரக்கைக் கலந்துவிட்டான் என்று சொல்லி, முதலாளி தலையில் கைவைத்து நிற்க, அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட்டவன் அவன். பத்து நாள் கழித்து அனுப்பியவனே ஒத்துக்கொண்டான். அதிலிருந்து ஏனோக் தலையாட்டாமல் அங்கே ஒரு டம்ளர்கூட வெளியே போகாது.

மால்ட் என்றால் வேறொன்றுமில்லை, முளைகட்டி உலர்த்திய பார்லி. கோலார்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்து, கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கஞ்சி வைக்கிறார்களே, அந்த வேலைதான். பீருக்கு என்றால் வறுக்காமல் விடுவார்கள். அதிலும் பல ரகம். வாசனைக்கும் நிறத்துக்கும் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவது உண்டு. மூட்டையாகக் கொட்டும் அடிப்படை மால்ட்தான் முக்கியம். "அதுதான் சோறு, மத்ததெல்லாம் கூட்டு, பொரியல்," என்பான் ஏனோக். வருஷா வருஷம் ஜனவரியில் அவன் வீட்டில் ஒரு ஸ்ட்ராங் ஏல் காய்ச்சுவான். பீரிலேயே கனமானது அது. போதையில் ஒயினுக்குப் பக்கத்து வீடு. மாதக்கணக்கில் பாட்டிலில் கிடந்து பழுத்து, கிறிஸ்மஸுக்கு வாய் திறக்கும். அவர்கள் குடியிருந்த ஆண்டர்சன்பேட்டையில் வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின் போடுகிறவர்கள்கூட அன்றைக்கு இவன் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள், இருமலுக்கு என்று சொல்லிக்கொண்டு.

இந்த வருஷத்துக்கென்று அவனுக்கு ஐந்து கிலோ மாரிஸ் ஆட்டர் கிடைத்திருந்தது. அது இங்கிலாந்துப் பார்லி. பப்புக்கு வந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர் அவனுடைய நாக்கை மெச்சிக் கொடுத்துவிட்டுப் போனது. பையை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். ஒரு மணியை எடுத்து மென்று, "பிஸ்கட்டு லவி. அப்பதான் அடுப்புலேந்து எடுத்த பிஸ்கட்டு," என்று அவள் வாயிலும் ஒன்றைத் திணித்தான். அவளுக்கு வைக்கோல் மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே மூக்கில் ரத்தம் வந்தது.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஒரு கட்டி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனுக்கு ஊரில் அதுதான் பேர். கட்டி கரைந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரண்ட் போன பாதையில் மூக்கும் நாக்கும் இருந்தன. "டேஸ்ட் வர்றதுக்கு ஆறு மாசமாகும், சிலருக்கு ஒம்பது மாசம்," என்றார் டாக்டரம்மா. "சிலருக்கு வராமலும் போகும்" என்பதைச் சொல்லும்போது அவர் அடுத்த ஃபைலைத் திறந்துகொண்டிருந்தார். ஏனோக் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. லவினா வாங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது எழுபது கிலோ ஆள் நாற்பத்தொன்பது கிலோ. தண்ணீர் இறங்கினாலே கண்ணில் நீர் வரும். ஆஸ்பத்திரி கொடுத்த பவுடர் வந்த வழியே திரும்பியது. கேழ்வரகுக் கஞ்சி தொண்டையில் மணல் மாதிரி உறுத்துகிறது என்று கையால் தள்ளினான். பக்கத்து வீட்டு ரத்தினம்மா வந்து பார்த்துவிட்டு, லவினாவை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"இன்னாம்மா இது, ஆளு கூடா போயிட்டாரு? மொளகட்டுன தானியம் எதுனா வையி. அதான் வயித்துல நிக்கும்."

"ராகி எறங்கலக்கா."

"ராகி இல்லன்னா வேற இல்லியா?"

பரண்மேல் இருந்தது வேற. லவினா அந்தப் பையைப் பார்த்தாள். எதற்கு வைத்தது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பார்லிதானே, பப்பில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, மனுஷன் எழுந்து நடந்தால் இன்னொரு பை கொண்டுவரட்டும் என்றுதான் நினைத்தாள். சுவரை வைத்துத்தானே சித்திரம்! பையை இறக்கினாள். கேழ்வரகுக்குச் செய்வதுபோலவே வாணலியில் சிவக்கச் சிவக்க வறுத்து, மெஷினில் அரைத்து, உமி போக வேட்டித் துணியில் சலித்து, பால் விட்டுக் கஞ்சி வைத்தாள். அது நின்றது. முதல் நாள் நாலு ஸ்பூன், இரண்டாம் வாரம் அரை டம்ளர். மார்ச்சிலிருந்து ஜூன்வரை அந்த ஐந்து கிலோவும் ஸ்பூன் ஸ்பூனாக அவன் உடம்புக்குள் போயிற்று. ஐம்பத்தாறு கிலோவாகி, தானே எழுந்து குளிக்கப் போனான். லவினா காலிப் பையைத் துவைத்து மடித்து வைத்தாள்.

ஜூலையில் ஒருநாள் ஏனோக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாய் வறட்சிக்காக எப்போதும் கையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"லவி, ஆகஸ்டுல காச்சினாத்தான் கிறிஸ்மஸுக்குள்ள ஆவும். அந்த மாரிஸ் ஆட்டர் பையி எங்க?"

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அதுக்குள்ள நாக்கு வந்துடும். மொத பாட்டில தொறந்து, அந்த பிஸ்கட்டு எனக்கு தெரிஞ்சிதுன்னா ஜனவரில டியூட்டிக்கு போறேன். மொதலாளி புது வருஷம் வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன்னு சொல்லிகீறாரு. தெரியலன்னா..."

ஆறு மாசத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதை ஊதி அணைக்க அவளுக்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளின் பொய்யைத் தினமும் பிடிக்கிற வாயிலிருந்து ஒரு பொய் சுலபமாக வந்து விழுந்தது.

"பூச்சி புடிச்சிட போவுதுன்னு டென்னிஸு கிட்ட குடுத்தனுப்பிட்டேன். அங்கயே மெஷின்ல ஒடச்சி எடுத்துகினு வரட்டும்."

"நல்ல காரியம் பண்ண," என்றான் அவன்.

டென்னிஸ் பப்பில் ஏனோக்குக்குக் கீழே வேலை பார்க்கிறவன்; இப்போது அவனிடத்தில் நிற்கிறவன். பக்கத்துக் கோரமண்டலில் வீடு. பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்று லவினா போனில் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டான்.

"மாரிஸ் ஆட்டர்ல கஞ்சியா? அக்கா, லண்டன் ராஜா கூட குடிச்சிருக்க மாட்டாரு."

"சிரிக்காத டென்னிஸு. அதே மாரி அஞ்சி கிலோ கெடைக்குமா?"

சிரிப்பு நின்றது. "கெடைக்காதுக்கா. மூட்டையா கப்பல்ல வரணும். நம்ம கிட்ட கீறது சாதா பீருக்கு போடற பில்ஸ்னர் மால்ட். கிலோவுக்கு கிலோ அப்படியே மாத்திக்கலாம். பீரு ஆவும், போதையும் வரும், அதுல ஒண்ணும் கொறையாது. ஆனா ரேஷன் அரிசியில பொங்கினாலும் சோறுதான், சீரக சம்பாவுல பொங்கினாலும் சோறுதான். அந்த பிஸ்கட்டு வாசன மட்டும் வராது."

"வர வெக்க முடியாதா?"

"அரை கிலோவ மட்டும் லேசா வறுத்து கலக்கலாம். பொன் நெறம், அதுக்கு மேல போவக்கூடாது. மீதிய வறுத்துடாதீங்க, புண்ணியமா போவும். மொளைக்குள்ள ஒரு உயிரு கீது, அதான் மாவ சக்கரையா மாத்துது. வறுத்தா செத்துடும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "ஆனா அண்ணன் கிட்ட இதெல்லாம் நடக்காதுக்கா. ஒரு வாயி போதும், கண்டுபுடிச்சிடுவாரு."

அந்தப் பயம்தான் அவளுக்கும்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி சாயங்காலம் டென்னிஸ் இரண்டு பைகள் கொண்டுவந்தான். நாலரைக் கிலோ உடைத்தது, அரைக் கிலோ முழு மணி. முழு மணியை அவள் அடுப்படியில் வாணலியில் போட்டாள். கை பழகின கை. கேழ்வரகை ஆயிரம் தடவை வறுத்த கை. டென்னிஸ் சொன்ன பொன் நிறத்தில் நிறுத்த மறந்து, கஞ்சிக்கு வறுக்கிற பதம்வரைக்கும் போய்விட்டது. மணிகள் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, ஓரத்தில் புகையும் எழுந்தபிறகுதான் உறைத்தது. அடுப்பை அணைத்தாள். வேறு மணி இல்லை.

வாசனை வீடெல்லாம் நிறைந்து தெருவுக்குப் போனது. ரத்தினம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "லவினா, அடுப்புல எதுவோ தீயுது, பாரு!" என்று குரல் கொடுத்தாள். கூடத்தில், அடுப்படிக் கதவிலிருந்து நாலு அடி தூரத்தில், ஏனோக் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டினான். லவினா வாணலியைக் கையில் பிடித்தபடி அவன் நிமிர்வான் என்று பார்த்து நின்றாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி படித்தான். இன்னும் நாள் இருக்கிறது, டாக்டரம்மா ஒன்பது மாசம் சொன்னார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறியதும் மணிகளை உடைத்துத் துணிப்பையின் அடியில் போட்டு, மீதி மால்ட்டை அதன்மேல் கொட்டினாள்.

மறுநாள் சுதந்திர தினம், மதுக்கடைகள் மூடும் நாள். "நாட்டுக்கே டிரை டே, நம்ம வீட்ல அடுப்பு," என்று ஏனோக் கிண்டலடித்தான். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் கிண்டலடித்தது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது. பெரிய அண்டாவில் தண்ணீரை அறுபத்தாறு டிகிரிக்குக் கொண்டுவந்து, துணிப்பையில் கட்டிய மால்ட்டை இறக்குமுன், வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். டென்னிஸ் திரும்பி நின்று ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூப் பொட்டலங்களை அவசியமில்லாமல் எண்ணினான். மாட்டிக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லவினா வரி வரியாக யோசித்து வைத்திருந்தாள்.

ஏனோக் கண்ணை மூடி மென்றான். "ஒரு கோடு மாரி வருதுடா டென்னிஸு. மேலாப்புல. லேசா."

அப்பாடா என்றிருந்தது லவினாவுக்கு. அந்த அப்பாடாவை நினைத்துப் பின்னால் எத்தனையோ தடவை வெட்கப்பட்டாள்.

அண்டாவைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தார்கள். ஏனோக் வெள்ளைச் சாசரில் ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்த்தான், நீலம் பாயவில்லை. மாவு மொத்தமும் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தம். டென்னிஸ் அவளைப் பார்த்து ரகசியமாகக் கட்டைவிரலைக் காட்டினான். கொதிக்க வைத்து, பூவைப் போட்டு, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி, இருபது லிட்டர் கேனில் மூடினார்கள். பத்து லிட்டர்கூடத் தேறவில்லை. மூன்றாம் நாள், கேன் மூடியிலிருந்து தண்ணீர் டம்ளருக்குள் விட்டிருந்த குழாய் கொப்புளம் விட ஆரம்பித்தது. ஏனோக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவனைப் போல.

செப்டம்பரில் ஒரு மத்தியானம். லவினா பள்ளியிலிருந்து ஓடிவந்து அவசரமாக ஒரு காராமணிக் குழம்பு வைத்தாள். ஏனோக் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, "நல்லா கீது லவி," என்றான். பிறகு அவள் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். ஒரு கல் உப்பு இல்லை. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்தக் கவளத்தோடு அவனைப் பார்த்தாள். அவன் தட்டை வழித்துவிட்டுக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தான்.

"ஒரு கொறையும் சொல்லாத புருஷன் கெடைக்கறது வரம்மா," என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டிருந்த ரத்தினம்மா, நல்ல மனசோடுதான். லவினா அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதன்பிறகு அவள் பயம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. ஐயோ கண்டுபிடித்துவிடுவானோ என்றிருந்தவள், ஆண்டவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பச் சீட்டு கொடுப்பார்கள். என்னவென்று எழுதுவாள்? 'என் புருஷன் என்னை நன்றாகத் திட்ட வேண்டும்' என்று எழுதினால் சபை சிரிக்கும். 'கணவரின் சுகத்துக்காக' என்று எழுதிப் போட்டாள். ஆனால் கண்ணை மூடியதும் கேட்டது அந்தத் திட்டைத்தான். என் மால்ட்டைக் கஞ்சி காய்ச்சினியா, பில்ஸ்னரைப் போட்டு ஏமாத்தினியா, அதையும் தீய வறுத்தியா, உனக்கு அறிவிருக்கா என்று அவன் தெருவே கேட்கக் கத்த வேண்டும். டம்ளரைத் தூக்கி எறிந்தாலும் சரி. அந்த ஒரு திட்டுக்குத் தன் ஆயுளில் பாதியைக் கொடுக்க அவள் தயாராக இருந்தாள்.

அக்டோபரில் பாட்டிலில் ஊற்றும்போது அவளே வழி காட்டினாள். "இன்னாங்க, இந்த வருஷம் கலரு கொஞ்சம் கருப்பா இல்ல?"

அவன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ரொம்ப நேரம் கொதிச்சிதுல்ல, அதான்."

"மோந்து பாருங்களேன்."

மோந்தான். "இப்ப தெரியாது லவி. பழுக்கணும்," என்றான்.

கிறிஸ்மஸ் வந்தது. விடிகாலை ஆராதனை முடிந்து, வீடு வீடாகக் கேக்கும் கல்கல் பலகாரமும் கொடுத்து வாங்கி முடித்து, மத்தியானம் டென்னிஸ் சாப்பிட வந்தான். ஏனோக் புதுச் சட்டை போட்டிருந்தான். தோள் இன்னும் நிறையவில்லை. பிரியாணியை மூடிவைத்துவிட்டு, முதலில் பாட்டில் என்றான். மூன்று கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து வரிசையாக வைத்தான். மூடி நெம்பியதும் மெல்ல ஒரு சீற்றம் கிளம்பி, நுரை கழுத்துவரை ஏறி நின்றது. ஊற்றினான். டம்ளரின் வாய்ப்பக்கம் குனிந்தவுடனேயே லவினாவுக்கு அடித்தது அந்தத் தீய்ந்த வாசனை. வாணலியில் அன்றைக்கு எழுந்த அதே புகை. ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் கரிந்த காப்பி மாதிரி இறங்கியது. எல்கேஜி பிள்ளை முகத்தைச் சுளித்துச் சொல்லிவிடும், டீச்சர், தீஞ்சிருக்குது என்று.

ஏனோக் டம்ளரைத் தூக்கினான். நிதானமாக மூக்கருகே கொண்டுபோனான். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்து, கண்ணை மூடினான்.

திட்டுங்க, என்றாள் லவினா மனசுக்குள். திட்டுங்க, திட்டுங்க.

அவன் தொண்டை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வந்துடுச்சி," என்றான். "லவி, வந்துடுச்சி! பிஸ்கட்டு. டேய் டென்னிஸு, சூடு பிஸ்கட்டுடா. அதுக்கு பின்னால ரொட்டி தோலு. கடைசில தேனு மாரி இழுக்குது பாரு. மாரிஸ் ஆட்டர்னா இதான்டா. வேற எதுலயும் இது வராது. வருதா ஒனக்கு?"

டென்னிஸ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வருதுண்ணா."

சாப்பாடு முழுக்க ஏனோக்தான் பேசினான். பிரியாணியில் கிராம்பு தூக்கலாக இருக்கிறது என்றான். அவள் கிராம்பே போட்டிருக்கவில்லை. அடுப்படியில் தட்டு வைக்க வந்த டென்னிஸ் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, அவரு சொன்னதுல ஒண்ணு கூட அதுல இல்ல. மொத மொதல்ல அடிக்கறதே தீஞ்ச வாசனதான்."

"தெரியும்."

"சொல்லிடாதீங்க. டியூட்டிக்கு வரட்டும். அவரு சும்மா தொட்டி பக்கத்துல நிக்கட்டும், டேஸ்ட்ட நான் பாத்துக்கறேன். நான் தலையாட்டினா அவரு ஆட்டட்டும். ஒருத்தருக்கும் தெரியாது."

நல்ல பையன். மூன்று மணி ஆனதும் கிளம்பிப் போனான். லவினா பாத்திரத்தை விளக்கிக்கொண்டே அதைத்தான் நினைத்தாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஏனோக் நிற்பான். டம்ளரை மூக்குக்கிட்டக் கொண்டுபோய், இல்லாத ஒன்றை இருக்கிறது என்பான், கெட்டதை நல்லது என்பான். பப்பில் வேலை செய்யும் பையன்கள் முதல் நாள் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் நாள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள் அவன் முதுகுக்குப் பின்னால் அவனைப்போலவே கண்ணை மூடிக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் ஒரு தொட்டியையே சாக்கடையில் திறந்துவிட்ட மனுஷன்.

கூடத்துக்கு வந்தபோது அவன் போனைக் காதில் வைக்கப் போய்க்கொண்டிருந்தான். மறு கையில் பாதி டம்ளர்.

"யாருக்குங்க?"

"மொதலாளிக்கு. விஷ் பண்ணிட்டு, நாக்கு வந்துடுச்சின்னு சொல்லிடறேன். ஜனவரி அஞ்சாந்தேதியே வரேன்னு."

"போன வைங்க."

"இன்னா லவி?"

"வைங்க சொல்றேன்."

அவள் குரலைக் கேட்டு வைத்துவிட்டான். அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வரி வரியாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

"அதுல மாரிஸ் ஆட்டர் இல்லிங்க."

அவன் சிரித்தான். "போடி."

"சத்தியமா இல்ல. அது பில்ஸ்னரு. டென்னிஸு கொண்டாந்தது. அரை கிலோவ வறுத்தேன், அதுவும் தீஞ்சி போச்சி. குடிச்சா தீஞ்சதுதான் வருது. எனக்கே வருதுங்க."

"அப்ப அந்த பையி?"

"அத்த உங்களுக்குத்தான் கஞ்சி வெச்சி ஊத்திட்டேன். மார்ச்சுலேந்து. வேற எதுவும் எறங்கலியே உங்களுக்கு, நான் இன்னா பண்ணுவேன்?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "திட்டுங்க. நாலு மாசமா நீங்க திட்டுவீங்கன்னு காத்துகினுகீறேன்."

அவன் திட்டவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யார் வீட்டிலோ ஸ்பீக்கரில் கிறிஸ்மஸ் பாட்டு போய்க்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

"ஆனா எனக்கு வந்துச்சி லவி. நான் பொய் சொல்லல. பிஸ்கட்டு வந்துச்சி. ரொட்டி தோலு, தேனு, எல்லாம் வந்துச்சி. அது அதுல இல்லன்னா, அப்ப எங்கேந்து வந்துச்சி?"

அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஏனோக் டம்ளரைத் தூக்கி இன்னொரு வாய் குடித்தான். கண்ணை மூடி, முன்பு செய்ததைப் போலவே, விழுங்காமல் வைத்திருந்தான். விழுங்கினான். காத்திருந்தான். மறுபடி ஒரு வாய். அடிவரைக்கும் குடித்து முடித்துவிட்டு, காலி டம்ளரைப் பக்கத்தில் வைத்தான்.

"இப்ப வரல லவி," என்றான்.